முடிவெட்டில் கறார், கணக்கில் தாராளம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்கு வினாத்தாளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதில் ஒரு குறுக்குவழி தெரியும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண்ணிலும் பத்து. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். கூட்டினால் 100. தேர்ச்சிக்கு 35. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட்டுக்கொண்டு, தொடுகோடு வரைவதையும் வரைபடத்தாளில் புள்ளி வைப்பதையும் மட்டும் பழகிக்கொண்டால் 14-உம் 16-உம் சேர்ந்து 30 ஆயிற்று. மீதி ஐந்துக்கு இரண்டு மூன்று சிறு கணக்குகள் போதும். இயற்கணிதத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காமலே ஒரு பிள்ளை கரையேறிவிடலாம்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் ஆசிரியர்கள்தான். அரையாண்டுத் தேர்வில் 35-க்குக் கீழே நின்றவர்களைக்கொண்டு ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று பள்ளிதோறும் தயாராகும். அவர்களுக்கென்று ‘மினிமம் மெட்டீரியல்’ என்ற மெல்லிய கையேடு. மாலையில் சிறப்பு வகுப்பு. அதில் திரும்பத் திரும்ப அதே இரண்டு வரைதல். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் இந்த வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்கள் இருட்டும்வரை உட்கார்ந்து உழைப்பவர்கள். பிஸ்கட் பாக்கெட்டைத் தங்கள் காசில் வாங்கிவருபவர்கள். ஜனவரியில் ஒரு பிள்ளையைத் தோல்வியிலிருந்து காப்பாற்ற இது சரியான உபாயம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜனவரிக்கு என்று வகுத்த உபாயம் மெல்ல மெல்ல ஆறாம் வகுப்பு ஜூன் மாதத்துக்கே இறங்கி வந்துவிட்டது. “பாவம், படகுக்கார வீட்டுப் பிள்ளை, பாஸ் பண்ணினாப் போதும்” என்ற பேச்சு ஆசிரியர் ஓய்வறையில் அன்பாகத்தான் எழுகிறது. அந்த அன்பு ஒரு பிள்ளையின் உயரத்தை அவனைக் கேளாமலே முடிவுசெய்துவிடுகிறது.

அதே பள்ளியின் வாசலுக்கு காலை 8.45-க்கு வந்தால் வேறோர் உலகம். உடற்கல்வி ஆசிரியர், அதாவது பி.இ.டி. மாஸ்டர், கேட்டில் நிற்கிறார். இருபுறமும் மழித்து உச்சியில் கூடு கட்டியிருக்கும் ‘புள்ளிங்கோ’ கட்டிங் தனி வரிசை. கணுக்காலை இறுக்கும் பேண்ட் தனி வரிசை. கையில் கயிறு, காதில் கடுக்கன், செம்பட்டைச் சாயம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முடி வெட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பு. அண்மை ஆண்டுகளில் சில அரசுப் பள்ளிகளில் சலூன்காரரையே வளாகத்துக்கு வரவழைத்து வரிசையாக உட்காரவைத்து வெட்டிவிட்ட செய்திகள் படத்தோடு வந்தன.

முடியில் அரை அங்குலம் கூடினால் விடாத பள்ளி, ஏழாம் வகுப்பில் பின்னம் கூட்டத் தெரியாமல் ஒருவன் எட்டுக்குப் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறது? இந்தச் சொற்பொழிவு எழுப்ப விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

கறார் என்பது வடசென்னைக்குப் புதிதன்று. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட நாளிலிருந்து இந்தப் பகுதி மணியடித்துத்தான் வாழ்ந்துவருகிறது. பின்னால் துறைமுகம், பின்னி ஆலை, விம்கோ தீப்பெட்டி, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று ஷிப்டுகள் பெருகின. சங்கு ஊதி ஐந்து நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும் என்று தெரிந்த தகப்பன்மார் வாழ்ந்த தெருக்கள் இவை.

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேரும் பையனின் முதல் வாரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கறார் எப்படிப்பட்டது என்று புரியும். கையில் ஒரு அரம், வைஸில் இறுக்கிய ஒரு இரும்புத் துண்டு. அதன் ஒரு பக்கத்தைச் சமதளமாக ராவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் நாளில் உள்ளங்கை கொப்புளிக்கும். ராவியதும் டிரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பான். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே கோடாக ஒளி தெரிந்தால் மேடு பள்ளம் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் ராவு. இன்ஸ்ட்ரக்டர் திட்டவே வேண்டியதில்லை. எங்கே குறை என்று அவன் கண்ணுக்கே தெரிகிறது. ஒரு பக்கம் சரியானதும் அதற்கு நேர்க்கோணத்தில் அடுத்த பக்கம். பிறகு வெர்னியர் காலிப்பரில் அளவு. மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலும் அது காட்டிவிடும். ‘மினிமம் மெட்டீரியல்’ என்று அங்கே ஒன்று கிடையாது. பத்தாவதில் தட்டுத்தடுமாறி வந்தவன்தான் இதைச் செய்கிறான். ஏன் செய்கிறான் என்றால், எது சரி என்பது அவன் முன்னால் பளிச்சென்று இருக்கிறது, அதை எட்டும்வரை அவனுக்கு நேரம் இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இது இன்னும் கண்கூடு. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் விடியற்காலை ஓட்டத்துக்கு வராதவன் மாலையில் கையுறை மாட்ட முடியாது. வியாசர்பாடி முல்லை நகரில் 1997 முதல் கால்பந்தும் மாலை வகுப்பும் சேர்த்தே நடத்திவரும் அமைப்பில் பந்து, புத்தகம் இரண்டும் ஒரே கணக்கில் வரும். கேரம் ஆட்டத்தில் இரண்டு முறை உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயத்தைத் தந்தது இந்த ஊர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். தெருவோரப் பயிற்சிக்கூடத்தில் ஸ்ட்ரைக்கர் அரை மில்லிமீட்டர் விலகினால் மறுபடியும் அடி என்று சொல்லத் தெரிந்த சமூகத்துக்குப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

எதிர்பார்ப்போடு வேறென்ன வேண்டும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவனுடைய கதை. தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்டார். அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்குபவர். தம்பியைத் தம் ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே படிக்க அனுப்பினார். தம்பி படிக்கப் போகாமல் கந்தகோட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். இன்றைய பள்ளிப் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வராதவர்’. அண்ணன் கொதித்துப்போய் வீட்டில் சோறு போடக்கூடாது என்று உத்தரவிட்டார். அண்ணி பாப்பாத்தியம்மாள் கணவருக்குத் தெரியாமல் சோறு போட்டார். ஒரு திவச நாளில் அழுதே விட்டார். அப்போது சிறுவன் கேட்டது, மாடியில் தனக்கென்று ஓர் அறை, விளக்கு, கண்ணாடி, புத்தகங்கள். கிடைத்தன. உள்ளே போனான். 1823-இல் மருதூரில் பிறந்து, பின்னாளில் திருவொற்றியூர்க் கோயிலுக்கு ஆண்டுக்கணக்கில் நடந்த வள்ளலார் இராமலிங்கரின் வரலாற்றில் அவர் அன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி இது. அண்ணனுக்கு உடல்நலம் இல்லாத ஒருநாள் பிரசங்கத்துக்குப் பதிலாளாகப் போன தம்பி, சேக்கிழாரைப் பற்றிப் பேசி அவையை அசத்தினான் என்றும் சொல்வார்கள்.

இந்தக் கதையை அருளுக்குச் சான்றாகவே எல்லாரும் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடக் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அண்ணனின் எதிர்பார்ப்பு தவறன்று. சோற்றை நிறுத்தியது தவறு. இன்றைய சட்டம் அதை அனுமதிக்காது. அண்ணியின் சோறு மட்டும் இருந்திருந்தாலும் போதியிருக்காது. எதிர்பார்க்க ஒருவர், பசியாற்ற ஒருவர், விளக்கோடு ஓர் இடம் என்று மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது. வடலூரில் 1867-இல் அவர் ஏற்றிவைத்த தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது; கொல்லைப்புறத்தில் ஒளிந்து சாப்பிட்ட பையன் பசியை மறக்கவில்லை போலும்.

சோற்றுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை அரசாங்கத் தாளில் ஏற்றியவரும் வடசென்னைக்காரரே. வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல், செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. தொடக்கக்கல்வி நிதியை இதற்குச் செலவிடக்கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925 ஏப்ரலோடு அது நின்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சென்னையில் முதலில் சேர்க்கப்பட்ட மாநகராட்சிப் பள்ளிகள் பெரும்பாலும் வடசென்னையைச் சேர்ந்தவை. அதே மாதம் 5-ஆம் தேதி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியதும் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

ஆக, அண்ணியின் சோறு வந்துவிட்டது. மாடியறைக்கும் அங்கங்கே வேலை நடக்கிறது. அண்ணன்தான் பாதி வேலையைச் செய்துவிட்டு நின்றுவிட்டார்: ஒழுக்கத்தில் மட்டும் உரக்கப் பேசுகிறார்.

உரக்கப் பேசியதற்கு அண்மைச் சான்று 2022. கொரோனா கழிந்து பள்ளிகள் திறந்தபின், மாணவர்கள் ஆசிரியரை அடிக்கக் கை ஓங்குவதும் மேசை நாற்காலியை உடைப்பதுமான காணொளிகள் ஊரெங்கும் பரவின. அந்த மே மாதம் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ், அப்படி நடப்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் சொன்னார். பின்னர் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் கொஞ்சம் இறங்கிவந்தன: முதலில் ஆலோசனை, மீண்டும் தவறினால் திருக்குறள் படித்துப் பொருளோடு எழுதுவது, வகுப்பில் நீதிக்கதை சொல்வது. வள்ளுவர் தண்டனை ஆனது தனிக்கதை. ஆனாலும் சான்றிதழில் கறுப்புப் புள்ளி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பதினைந்து வயதுப் பையனின் டி.சி.யில் எழுதிய ஒரு வரி அவனை எந்தப் பள்ளி வாசலிலும் நிற்கவிடாது; அவனுக்குப் பிறகு இருப்பது மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கூடையோ லாரி கிளீனர் வேலையோ தான்.

அடி என்ற வழி சட்டப்படி அடைபட்டுவிட்டது, நல்லவேளையாக. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. “அந்தக் காலத்து வாத்தியார் அடித்துத்தான் நாங்கள் ஆளானோம்” என்று சொல்லும் பெரியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அடிபட்டு ஆளாகாமல் ஓடிப்போனவர்கள் அவையில் வந்து உட்கார்ந்து சாட்சி சொல்வதில்லை என்பதை மட்டும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது, பள்ளியிலிருந்து நீக்கவும் கூடாது என்றது. 2019-இல் நாடாளுமன்றம் முதல் பாதியைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழிசெய்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு அதை நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடு ஐந்தாம் எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் ஆணை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது; எட்டுவரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதே இன்றும் மாநிலத்தின் நிலை. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்புவதால் அவனுக்கு வாசிக்க வந்துவிடாது. ஆகவே மாநிலத்தின் நிலை சரி. ஆனால் தேர்ச்சி நிச்சயம் என்பதைக் கற்றுத்தராமல் இருப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்ட பள்ளிகள் உண்டு.

சட்டத்தின் பாதுகாப்பு எட்டோடு முடிவதால் ஒன்பதில் ஒரு நாடகம் நடக்கிறது. பத்தில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் வைக்க வேண்டிய தனியார் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரை அழைத்து, “வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பக்குவமாகச் சொல்லி டி.சி.யை நீட்டும். அந்தப் பிள்ளை ஜூனில் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்கு வந்து சேரும். அடுத்த ஆண்டு தேர்வு முடிவு வரும்போது தனியார் பள்ளி 100, மாநகராட்சிப் பள்ளி அதற்குக் கீழே. ஊர் முதல் பள்ளியைத் தரமான பள்ளி என்கிறது. சலித்து எடுத்த மாவுக்கு நயமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது. ஃபிளெக்ஸ் பலகைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்ப்பக்கத்துத் தாராளம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு தேதி உண்டு. 2023 மார்ச் 13. அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு வராதவர்கள் 50,674 பேர். கணக்கு, இயற்பியல் அல்ல, தமிழ். அவர்களில் பலர் பதினொன்றிலேயே பள்ளிக்கு வருவதை நிறுத்தியவர்கள். பெயர் மட்டும் பதிவேட்டிலும் இணையத் தகவல் தொகுப்பிலும் நடமாடிக்கொண்டிருந்தது. இந்த அணி 2021-இல் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் ‘ஆல் பாஸ்’ ஆனது. கொரோனா யார் செய்த குற்றமும் அன்று. ஆனால் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வகுப்பில் இல்லை என்பதை மண்டபத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றால், கேட்டில் நின்று முடியை அளந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முடி வெட்டிக்கொண்டு வராதவனைத் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறது. அவன் மறுநாளும் வரவில்லை என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

வெளியுலகில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களில் ஹைமே எஸ்கலாந்தேயின் பெயர் முதலில் வரும். பொலிவியாவிலிருந்து குடியேறிய கணக்கு ஆசிரியர். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். உழைப்பாளிகளின் குடியிருப்பு, அடிதடிக் குழுக்கள், ‘இவர்களுக்குக் கூட்டல் கழித்தல் போதும்’ என்று சொன்ன சக ஆசிரியர்கள். புளியந்தோப்பிலிருந்து திருவொற்றியூர் வரை யாருக்கும் விளங்கக்கூடிய பள்ளிதான். அங்கே அவர் நுண்கணிதம் நடத்தினார். 1982-இல் கல்லூரித் தரத்திலான நுண்கணிதத் தேர்வில் அவருடைய மாணவர்கள் 18 பேர் தேறினார்கள். தேர்வு நடத்திய நிறுவனத்துக்கு நம்பிக்கை வரவில்லை. 14 பேரின் விடைகளைச் சந்தேகித்தது. 12 பேர் மறுபடி எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். ஏழைப் பகுதிப் பிள்ளை நன்றாக எழுதினால் முதலில் எழும் எண்ணம் காப்பியடித்திருப்பான் என்பது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் அன்று.

இந்தக் கதை 1988-இல் திரைப்படமானது. படம் ஒரே ஆண்டில் எல்லாம் நடந்துவிட்டதுபோல் காட்டியது. உண்மையில் எஸ்கலாந்தேக்கு எட்டு ஆண்டு பிடித்தது. கீழ்வகுப்புகளிலேயே இயற்கணிதம் தொடங்கவைத்தார். கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் வகுப்பு ஏற்பாடு செய்தார். பள்ளி முதல்வர் துணைநின்றார். 1991-இல் அவர் விலகியதும் தேறுவோர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. தனியொரு ஆசிரியரின் வீராப்பால் நிற்கும் தரம் அவரோடு இடமாறுதலில் போய்விடும். கவுன்சிலிங் மாறுதலில் நல்ல கணக்கு ஆசிரியரை இழந்த ஒவ்வொரு வடசென்னைப் பள்ளிக்கும் இது தெரிந்த விஷயம்.

எதிர்பார்ப்பே பலனைத் தரும் என்று சொல்ல 1968-இல் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைக் குலுக்கல்போல் பொறுக்கி, ‘இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். சிறு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களைவிட உயர்ந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் விளைவு அத்தனை பெரிதல்ல என்று வாதிட்டார்கள். மேடைப் பேச்சாளர்கள் சொல்வதுபோல் ‘நீ ஐ.ஏ.எஸ். ஆவாய்’ என்று தினமும் சொன்னால் ஆகிவிட மாட்டான். அதைச் சொன்ன ஆசிரியர் அவன் நோட்டைத் திருத்தித் தரவும் வேண்டும்.

நோட்டைத் திருத்துவது என்ற சாதாரண வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னைக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1790-களில் எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லித்தரும் வேலையை ஒப்படைத்தார். ஒரு பாடம் முழுதும் வந்தால்தான் அடுத்த பாடம் என்பது அவர் விதி. 1797-இல் லண்டனில் அவர் எழுதி வெளியிட்டதும் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் பரவியது. சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை.

அந்த விதியின் நவீன வடிவம் என்று 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைச் சொல்லலாம். தொடக்க விழா நடந்த அழிஞ்சிவாக்கம், மணலியைத் தாண்டினால் வரும் திருவள்ளூர் மாவட்டத்து ஊர். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. நல்ல முறைதான். ஒரே ஒரு ஆபத்து, அரும்பில் உட்கார்ந்த பிள்ளை அரும்பிலேயே ஆண்டை முடித்துவிடுவது. எந்த மாதம் எத்தனை பேர் மேலே ஏறினார்கள் என்று கேட்க ஆள் இருந்தால் இந்தத் திட்டம் பிள்ளையைத் தூக்கும். இல்லாவிட்டால் பெயர் மாறிய ‘மெல்லக் கற்போர்’ பட்டியலாகவே தங்கிவிடும்.

பிள்ளையிடம் தரம் கேட்பவர்கள் பிள்ளையைச் சுற்றியுள்ளவற்றிடமும் அதைக் கேட்க வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவி, மூச்சுத்திணறலும் மயக்கமுமாக முப்பதுக்கு மேற்பட்ட மாணவிகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பள்ளி மூடப்பட்டு, நவம்பர் 4 அன்று திறந்தபோது மறுபடியும் அதே கதை. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மீனவக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவிப் படகும் வலையும் கறுத்தன. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்று பெண்ணிடம் கேட்பது நியாயம். அவள் சுவாசிக்கும் காற்றிடமும் யாராவது வருகைப்பதிவு கேட்க வேண்டாமா?

தாமதத்துக்கும் இப்படிப் பார்க்க வேண்டிய பக்கம் உண்டு. துறைமுகம் நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டும் நாட்களில், அவற்றின் சக்கரங்களுக்கு இடையே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைக்கு 9.10 ஆகிவிடுகிறது. கேட்டைச் சாத்துவது எளிது. லாரி வரிசையைக் காவல்துறையிடமும் துறைமுகத்திடமும் பேசிச் சரிசெய்வது கடினம். அதனால் கேட் சாத்தப்படுகிறது.

இன்னும் ஒன்று, காசிமேட்டுக்காரர்களுக்கு மட்டும் உறைப்பது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். ஆக, வீட்டில் வருமானமே இல்லாத ஒரே பருவத்தில்தான் ஃபீஸ், ஷூ, பை, டியூஷன் எல்லாம் கேட்கப்படுகின்றன. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். வட்டிக்கு வாங்கியதை அடைக்கவே சரியாகப் போய்விடும். முதல் இரண்டு வாரம் பிள்ளை வராமல் இருப்பதற்கும், வந்தவன் கறுப்பு ஷூ இல்லாமல் நிற்பதற்கும் பொறுப்பின்மை என்று பெயர் வைக்கும் முன் தேதியைப் பார்ப்பது நல்லது. ஷூவுக்கு ஜூன் கடைசிவரை தவணை கொடுக்கலாம். பின்னக் கணக்குக்குத் தவணை கூடாது. இப்போது நடப்பது நேர்மாறாக.

இதையெல்லாம் கேட்க ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அரசுப் பள்ளிகளில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கூட்டங்களில் கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர் பேசப்படுகின்றன, பேச வேண்டியவைதான். அவற்றோடு ஒரு பொருளை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாம்: ஏழாம் வகுப்பில் இந்த மாதம் எத்தனை பேருக்குப் பின்னம் கூட்டவும், ஒரு பக்கத் தமிழைத் தடங்கலின்றி வாசிக்கவும், நான்கு வரி ஆங்கிலம் சொந்தமாக எழுதவும் வருகிறது, போன மாதம் எத்தனை பேருக்கு வந்தது? பிள்ளைகளின் பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். கேட்பதற்கு அம்மாக்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டியதும் இல்லை. காசிமேட்டு ஏலத்தில் விடியற்காலை நின்று, ஒரு கூடை சங்கராவின் விலையை மனக்கணக்கில் பிரித்துப் பங்குபோடும் பெண்கள் அவர்கள்.

கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் மீன் விற்று வந்த அம்மாக்கள் வருவார்கள்; முதல் ஷிப்டு முடித்துத் திரும்பும் அப்பாக்களுக்கு நான்கரை ஆகும். ஐந்து மணி இருவருக்கும் ஒத்துவரும். ஆசிரியர்களுக்கு அந்த நேரம் சிரமம்தான். அதற்கு ஈடாக மறுநாள் முதல் பாடவேளையைத் தலைமையாசிரியர் விட்டுக்கொடுக்க முடியும், சில பள்ளிகளில் கொடுக்கவும் செய்கிறார்கள்.